உணவைக் குறைக்கும் முன் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு 49 வயது. பெரம்பூரில் கணவர், மாமியார், மகன், மகளுடன் வசிக்கிறேன். உயரம் 156 செ.மீ., எடை 84 கிலோ. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் எடுக்கிறேன். தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த மாத்திரை. காலையில் காபி குடித்ததும் கால்சியம் உட்பட எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கிவிடுவேன். மூட்டுவலி தாங்க முடியாத நாட்களில் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வேன். கடைசிப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.2, தைராய்டு சுரப்பு குறைந்தால் உயரும் டி.எஸ்.எச். 7.9. தை மாதத்தில் மகளுக்குத் திருமணம். அதற்குள் 15 கிலோ குறைக்க வேண்டும் என்று, உறவினர் ஒருவர் அனுப்பிய முறையைத் தொடங்க நினைக்கிறேன்: 16 மணி நேரம் பட்டினி, அரிசியே கூடாது, காலையில் அருகம்புல் சாறு, மாலையில் கொள்ளுக் கஞ்சி. இதற்கிடையில், போன புரட்டாசிச் சனிக்கிழமை விரதமிருந்து திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் வரிசையில் நின்றபோது வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிரசாதம் வாயில் போட்ட சிறிது நேரத்தில் சரியாகிவிட்டது. பசி மயக்கம்தான் என்று நினைக்கிறேன். இந்த உணவு முறையைத் தொடங்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதை நீங்கள் ஒரு சிறு நிகழ்ச்சியாகச் சொல்லிச் சென்றிருக்கிறீர்கள்; எனக்கோ கடிதம் முழுவதிலும் அதுவே பெரிதாகத் தெரிகிறது. அன்று காலை விரதத்திலும் மாத்திரையை நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. உணவு வரும் என்ற கணக்கில் கொடுக்கப்பட்ட மாத்திரை, உணவு வராத வயிற்றில் இறங்கும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடுகிறது. வியர்வை, நடுக்கம், கண் இருட்டுதல், இனிப்பு உண்டதும் தெளிதல் ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் அதைத் தாழ்சர்க்கரை என்றே கொள்ள வேண்டும். பசி மயக்கம் என்று பெயர் சொல்லி அதைக் கடந்துவிடாதீர்கள். பிரசாதம் கைக்கு வருவதற்கு இன்னும் அரைமணி நேரம் ஆகியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு உண்மையாகவே பதைப்பாக இருக்கிறது.

நீங்கள் தொடங்கவிருக்கும் முறையில் அதே 16 மணி நேரப் பட்டினிதான் தினமும் வருகிறது. அரிசியும் இல்லை. அதே மாத்திரைகள் அதே அளவில் தொடரும். ஆகவே என் பதில் இது: இந்த முறையை இப்போதுள்ள மருந்துகளோடு தொடங்கக் கூடாது. எடையைக் குறைக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. உங்கள் உயரத்துக்கு இந்த எடையில் உடல் நிறை குறியீட்டெண் 34.5 வருகிறது. இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடற்பருமன் என்று வகுத்திருப்பதால், குறைக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் முற்றிலும் சரியானது. அதற்கான வரிசை மட்டும் மாற வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், சர்க்கரை நோயுள்ள ஒரு முதியவருக்கு 1200 கலோரிக்கான அட்டவணையை மிகுந்த அக்கறையோடு எழுதிக் கொடுத்தேன். என்ன உண்கிறார், எப்போது உண்கிறார் என்பதையெல்லாம் விரிவாகக் கேட்டேன். எந்த மாத்திரையை எந்த அளவில் எடுக்கிறார் என்று கேட்கவில்லை. அவர் நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். பத்தாம் நாள் விடியற்காலையில் அவரை எழுப்ப முடியாமல் வீட்டார் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மாத்திரைகள் அனைத்தையும் மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லிப் பார்த்த பிறகே நான் உணவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறேன். உங்களிடமும் அதையே செய்கிறேன்.

முதலில் தைராய்டு மாத்திரை. தைராக்ஸின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு எடுக்க வேண்டிய மருந்து. காபி அதன் உட்கிரகிப்பைக் குறைக்கும், கால்சியம் அதைவிட அதிகமாகக் குறைக்கும். நீங்கள் இரண்டோடும் சேர்த்து விழுங்குகிறீர்கள். டி.எஸ்.எச். 7.9 என்று உயர்ந்து நிற்பதற்கு மருந்தின் அளவு போதாததுதான் காரணமா, உள்ளே போன மருந்து உடலில் சேராததுதான் காரணமா என்பதே இப்போது தெரியாது. எழுந்தவுடன் அந்த ஒரு மாத்திரையை மட்டும் தண்ணீரோடு எடுத்துவிட்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். கால்சியத்தை மதிய உணவுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்தால்தான் உண்மை நிலை தெரியும். இந்த மாற்றத்துக்குச் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. நாளைக் காலையே தொடங்கலாம். ஆனால் தைராய்டு சரியானால் எடை தானாக இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதனால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கிய உப்பும் நீரும். சோர்வு குறையும் என்பதே உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம்.

அடுத்து, எனக்கு அதிகக் கவலை தரும் மூன்று மருந்துகளின் கூட்டு. டெல்மிசார்டன், நீர் பிரியச் செய்யும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, வலிக்கு நீங்களாகவே வாங்கும் டைக்ளோஃபெனாக் ஆகிய மூன்றும் ஒரே உடலில் சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் மூன்று பக்கமும் குறைகிறது. அதன்மேல் பட்டினியும், சென்னை வெயிலில் இழக்கும் நீரும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயல் குன்றக்கூடும். ஏழு ஆண்டுச் சர்க்கரை நோயால் அது ஏற்கெனவே சற்று நலிந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே மருந்துக்கடைக்காரரிடம் வலி மாத்திரை கேட்பதை இன்றோடு நிறுத்திவிட்டு, மூட்டுவலிக்கு என்ன எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், சிறுநீரில் வெளியேறும் ஆல்புமின் என்ற புரதமும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளாமல் சாறு வகைகளைத் தொடங்க வேண்டாம். டெல்மிசார்டன் உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் இயல்புடையது. சிறுநீரகம் நலிந்தவர்கள் அந்த மருந்தோடு கீரைச் சாறு, வாழைத்தண்டுச் சாறு, இளநீர் என்று தினமும் குடித்தால் பொட்டாசியம் இதயத்துடிப்பைக் குலைக்கும் அளவுக்கு உயரலாம். உப்புக்கு மாற்று என்று கடையில் விற்கும் பொடிகளில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அது அதைவிடப் பெரிய தவறு. மருத்துவரிடம் செல்லும்போது, "உடம்பைக் குறைக்கப் போகிறேன், உணவின் அளவு குறையும், கோவிலில் இப்படி நேர்ந்தது, மாத்திரையில் என்ன மாற்ற வேண்டும்?" என்று இதே வரிசையில் கேளுங்கள். எச்பிஏ1சி 8.2 என்று உயர்ந்திருப்பதால் அவர் மருந்தைக் குறைக்கத் தயங்கலாம். ஆனால் கிளிமிபிரைடுக்குப் பதிலாகத் தாழ்சர்க்கரையை எளிதில் உண்டாக்காத வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் டாபாக்ளிஃப்ளோசின் போன்ற ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தால், பட்டினியையும் அரிசியை முற்றாக விலக்குவதையும் அப்போதும் மறந்துவிட வேண்டும். அந்த மருந்தோடு மாவுச்சத்து மிகவும் குறைந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது வழக்கமாதலால் அதையும், சர்க்கரை வேகமாகக் கட்டுக்குள் வரும்போது விழித்திரையில் ஏற்கெனவே உள்ள பாதிப்பு சிலருக்குத் தற்காலிகமாகக் கூடுவதால் கண்களையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால், வருபவரிடம் வாங்கி வைத்துக்கொள்வதோடு நில்லாமல், இந்த மாற்றத்துக்காக ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் சென்று வாருங்கள்.

உறவினர் அனுப்பிய செய்தியில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டில் சர்க்கரை நோயே நீங்கிவிட்டது என்று இருந்ததாக எழுதியிருந்தால் நான் வியக்க மாட்டேன், ஏனெனில் அது ஓரளவு உண்மை. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில், நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி மட்டுமே கொண்ட உணவை மூன்று முதல் ஐந்து மாதம் உண்டவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டு முடிவில் மருந்தின்றியே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் அனைவரும் நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள். இன்சுலின் எடுப்பவர்கள் சேர்க்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உணவு குறைந்த முதல் நாளன்றே அவர்களுடைய சர்க்கரை மாத்திரைகளும் ரத்த அழுத்த மாத்திரைகளும் மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தப்பட்டன. கைபேசியில் சுற்றிவரும் செய்திகளில் இந்த ஒரு வரி மட்டும் உதிர்ந்துவிடுகிறது.

இலக்கைப் பற்றி உங்களிடம் நேராகவே பேசுகிறேன். தை மாதத்துக்குள் 15 கிலோ என்பதை விட்டுவிடுங்கள். அந்த வேகத்தில் குறைத்தால் தசை கரையும், பித்தப்பையில் கல் சேரும், முடி கொட்டும். திருமணத்துக்குப் பின் எடை திரும்பி ஏறவும் பெரிதும் வாய்ப்புண்டு. வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்க வேண்டிய தேவை இல்லை. சில வாரங்களில் இறங்காமலும் நிற்கும். நான்கு மாதத்தில் 4 முதல் 6 கிலோ குறைந்தால் அதுவே உங்கள் எடையில் 5 முதல் 7 விழுக்காடு. அந்த அளவிலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கொழுப்பும் இறங்கத் தொடங்கும். மூட்டுக்கு லாபம் இன்னும் அதிகம்: ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டின்மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைந்தவர் மாடிப்படி ஏறும்போது முழங்காலுக்கு இருபது கிலோ குறைகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உணவு. உங்கள் கடிதத்தில் நேரங்களைக் குறிப்பிடவில்லை. ஆனால் இந்த நகரில் என்னிடம் வரும் இல்லத்தரசிகள் பலரின் நாள் எப்படி நகர்கிறது என்பதை நான் அறிவேன். எல்லாரும் கிளம்பிய பின் ஒன்பதரைக்குக் காலை உணவு. மாமியாருக்கும் கணவருக்கும் பரிமாறிவிட்டு இரண்டரைக்கு மதிய உணவு. பிள்ளை அலுவலகத்திலிருந்து வரும்வரை காத்திருந்து பத்து மணிக்கு இரவு உணவு. நடுவில் மூன்று காபி. கடைசியில், சட்டியில் மீந்த ஒரு கரண்டிக் குழம்பையும் பாத்திரத்து ஓரத்துச் சோற்றையும் வீணாக்க மனமில்லாமல் உண்டு முடிப்பது. அந்த மீந்த சோறு எந்த உணவுக் குறிப்பேட்டிலும் எழுதப்படுவதில்லை. வீட்டில் கடைசியாக உண்பவர் குடும்பத்தின் மிச்சத்தைத் தன் உடம்பில் சுமக்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், முதல் மாற்றம் அரிசியில் அல்ல, நேரத்தில் வர வேண்டும். எட்டரை மணிக்குக் காலை உணவு, ஒருமணிக்கு மதிய உணவு, எட்டு மணிக்கு இரவு உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு எடுத்து மூடி வைத்துவிட்டு நீங்கள் உண்ணுங்கள். மாத்திரையும் உணவும் தினமும் ஒரே நேரத்தில் சந்திப்பது உங்களுக்கு எந்த அட்டவணையையும்விட முக்கியம். மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், இல்லையெனில் அடுத்த நாள் கால் படி அரிசியைக் குறைத்து உலை வையுங்கள்.

முதல் இரண்டு வாரம், மருத்துவரைப் பார்க்கும்வரை, இரண்டை மட்டும் குறையுங்கள். ஒன்று, காபியிலுள்ள சர்க்கரை. மூன்று காபிக்கு இரண்டிரண்டு கரண்டி என்றால் நாளுக்கு 30 கிராம், அதாவது 120 கலோரி. அதற்கு வெல்லமோ, கருப்பட்டியோ, தேனோ மாற்று அல்ல. சர்க்கரை நோய்க்கு எல்லாம் ஒன்றுதான். மற்றொன்று எண்ணெய். அதைத் தினமும் அளக்கத் தேவையில்லை, மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்ற கணக்கில், நல்லெண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாலு லிட்டருக்குள் மாதம் முடிய வேண்டும். ஆறு லிட்டர் வாங்கும் வீடுகளையே நான் அதிகம் பார்க்கிறேன்.

மருத்துவர் மாத்திரையை ஒழுங்குபடுத்திய பின் சோற்றில் கைவைக்கலாம். அதை விலக்க வேண்டாம். இப்போது உண்பதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியலையோ கூட்டையோ இரட்டிப்பாக்குங்கள். தட்டில் பாதி அவரைக்காய், சுரைக்காய், கோஸ், வெண்டைக்காய், கீரை என்று காய்கறியாகவும், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் என்று புரதமாகவும், மீதிக் கால் பங்கு சோறாகவும் இருந்தால் போதும். காயை முதலில் உண்டு, சோற்றைப் பின்னால் உண்டால் சர்க்கரை ஏறும் வேகமும் குறைகிறது. நம் வீட்டுச் சாப்பாட்டில் சோறு கூடுதலாக இருப்பதைவிட, புரதம் மிகக் குறைவாக இருப்பதே எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. நீர்த்த சாம்பாரில் பருப்பு எங்கே இருக்கிறது? கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், மாலையில் முறுக்குக்குப் பதிலாகச் சுண்டல், ஒரு முட்டை, ஒரு கிண்ணம் தயிர், அசைவம் உண்பவரானால் வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பில் போட்ட மத்தியோ நெத்திலியோ என்று சேர்த்தால் பசி அடங்கும், தசையும் கரையாது. சிறுநீரகப் பரிசோதனையில் குறை தெரிந்தால் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவர் சொற்படி மாற்ற வேண்டும். சிறுதானியத்துக்கு மாறலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மாறலாம், ஆனால் வரகிலும் தினையிலும்கூட மாவுச்சத்து அரிசியைவிடச் சற்றுதான் குறைவு. அளவைக் கூட்டினால் பயன் இல்லை.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி உங்கள் கொள்ளுக் கஞ்சிக்குப் பின்னால் நிற்கிறது. கொள்ளு நல்ல பயறு. நூறு கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. கூடவே 57 கிராம் மாவுச்சத்தும் இருக்கிறது. அது கொழுப்பைக் கரைக்கும் மருந்து அல்ல. கஞ்சியாகக் குடிப்பதைவிட, முளைகட்டிச் சுண்டலாகவோ துவையலாகவோ உண்ணுங்கள். அரைத்துக் கரைத்த எதுவும் விரைவில் செரித்துச் சர்க்கரையை விரைவில் ஏற்றும்.

நடையைப் பொறுத்தவரை, வெறும் வயிற்றில் விடியற்காலை நடை உங்களுக்கு இப்போது வேண்டாம். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம், வீட்டுக்குள்ளோ மொட்டை மாடியிலோ நடந்தால் போதும். மூட்டுவலி தணிந்தபின் பெரம்பூரிலுள்ள முரசொலி மாறன் பூங்கா போன்ற சமதளமான இடத்துக்குச் செல்லலாம். மேடு பள்ளமான நடைபாதையில் வேகமாக நடப்பது முழங்காலுக்கு நல்லதல்ல. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவதை, ஒரு காலுக்குப் பத்து முறை என்று காலையும் மாலையும் செய்யுங்கள்; தொடையின் முன் தசை வலுப்பட்டால் மூட்டின் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும்.

ஒரு குளூக்கோமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். உணவை மாற்றும் முதல் மாதத்தில் காலை வெறும் வயிற்றிலும், இரவு உணவுக்கு முன்பும், உடம்பு ஏதோ போலிருக்கும் எந்த நேரத்திலும் பார்த்து எழுதுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் திரும்பவும் குடியுங்கள், ஏறியபின் உணவு உண்ணுங்கள். கிளிமிபிரைடின் வேலை நெடுநேரம் நீடிப்பதால் ஒருமுறை தெளிந்தவருக்கு மறுபடியும் இறங்கக்கூடும். அன்று முழுவதும் தனியாக இருக்க வேண்டாம். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், எடை இறங்க இறங்க ரத்த அழுத்த மாத்திரை அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருளாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மகளின் திருமண நாளைப் பற்றி இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். கன்னிகாதானம் செய்து கொடுக்கும்வரை பெற்றோர் உண்ணாமல் இருப்பது பல குடும்பங்களில் வழக்கம். முகூர்த்தம் ஒன்பது, பத்து மணிக்கு என்றால் நீங்கள் நாலு மணிக்கே எழுந்திருப்பீர்கள். முந்திய இரவும் சரியாக உண்டிருக்க மாட்டீர்கள். அந்த நாளுக்கான மாத்திரையை எப்படி எடுப்பது என்று மார்கழியிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி, பாலும் பழமும் உண்ண ஒப்புதல் பெறுங்கள். உடல்நலம் குன்றியவர்களுக்கு எந்தப் பெரியவரும் அதை மறுத்து நான் கண்டதில்லை. உங்கள் கைப்பையில் குளூக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்பது பக்கத்தில் நிற்கப்போகும் உங்கள் தங்கைக்கோ நாத்தனாருக்கோ தெரிந்திருக்கட்டும்.